எண்ணெய்க்காப்பு வைத்த தண்டவாளம்

கோபக்காரனுக்குப் பக்தி வரக்கூடாது. வந்தால் அளவோடு வராது. நான் கோயிலுக்குப் போனால் செருப்பைப் பார்த்துக்கொண்டு வெளியே நிற்கிற ஆள். வாழ்க்கையில் ஒரே ஒரு பூசையை நானே முன்நின்று செய்தேன். அதில் ஒரு ரயில் நின்றுபோனது. (சும்மா சொல்லவில்லை. உண்மையான ரயில். நீராவி எஞ்சின், மூன்று பெட்டி, உள்ளே ஒரு அதிகாரி.)

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டன் கிங்ஸ்பரியில் குடியிருந்தேன், ஒரு பெற்றோல் செட்டில் வேலை. அங்கே பெற்றோல் அடிக்க வருகிற கென் என்ற ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருநாள், "ஞாயிற்றுக்கிழமை எங்கள் ரயில்வேக்கு வாயேன், ஆள் போதாது" என்றார். ஆள் போதாது என்றால் எனக்குத் தெரிந்த ஒரே அர்த்தம் ஓவர்டைம். போனேன்.

லண்டனைத் தாண்டி ஒரு மணித்தியால ஓட்டம். எப்போதோ மூடப்பட்ட ஒரு கிளைப் பாதை. ரயில் பைத்தியங்கள் சேர்ந்து அதை வாங்கி, பழைய எஞ்சினை ஓடவிட்டு, கோடையில் டிக்கெட் விற்கிறார்கள். தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்கிற கூட்டத்துக்குக் கென் தலைவர். ஒரு பேங்க் மானேஜரும் ஒரு பல் டொக்டரும் மழையில் நனைந்துகொண்டு சல்லிக்கல் அள்ளினார்கள். மூன்றாவது ஞாயிறு, சம்பளம் எப்போது என்று கேட்டேன். கென் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, தேத்தண்ணீர் டப்பாவில் நான் இன்னும் சில்லறை போடவில்லை என்றார்.

யோசித்துப் பாருங்கள். எங்கள் நாட்டில் ரயில் பாதை போட ஆட்களைக் கொண்டுவந்து மாடு மாதிரி வேலை வாங்கிய வெள்ளைக்காரரின் பேரப்பிள்ளைகள் இவர்கள். அதே வேலையை இங்கே தாங்களே, சம்பளமில்லாமல், குடிக்கிற தேத்தண்ணீருக்கும் காசு கொடுத்துச் செய்கிறார்கள். பாட்டன் செய்த பாவம் என்று உள்ளுக்குள் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது, அதே மழையில் நானும் நிற்கிறேன். என் பாட்டன் என்ன பாவம் செய்தார்?

அப்போதே விட்டுவிட்டு வந்திருக்கலாம். வரவில்லை. காரணம் சுத்தியல். அந்தப் பாதையில் தண்டவாளத்தை இரும்புப் பிடிக்குள் இறுக்கி வைத்திருப்பது ஒரு மர ஆப்பு. ரயில் ஓட ஓட அது கழன்று வரும். நீளப் பிடி போட்ட சுத்தியலால் அடித்து இறுக்க வேண்டும். ஒரு கோபக்காரன் கையில் சுத்தியலைக் கொடுத்து, மைல் கணக்கில் ஆப்புகளைக் காட்டி, அடி என்றால் அவன் வீட்டுக்குப் போவானா? ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு பெயர் வைத்தேன். வாடகை வீட்டுக்காரன், பெற்றோல் செட் மானேஜர், இப்படி. அதிகம் அடி வாங்கிய ஆப்புக்குப் பெயர் குகன்.

குகன் என் மனைவி ராணியின் தம்பி. குட்மேய்ஸில் இருக்கிற எக்கவுண்டன்ட். வீட்டுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்ற முதல் தொடங்குவான்.

"என்ன அத்தான், சம்பளம் கூட்டிப் போட்டாங்களோ?"

"அது வொலன்ரியர் வேலையடா."

"ஓம் ஓம். சம்பளமில்லாட்டி டாக்ஸும் இல்லை. அக்கா, அத்தான் சரியான கெட்டிக்காரன்."

இரண்டு மாரிகாலம் நாங்கள் ஓர் ஏற்றத்தில் முழுப் பாதையையும் பிடுங்கி, உக்கிய சிலிப்பர் கட்டைகளை மாற்றி, புதுத் தண்டவாளம் போட்டோம். அதற்கு அப்பால்தான் கடைசி ஸ்டேஷன். ஈஸ்டருக்கு முன் ஓர் அரசாங்க அதிகாரி வந்து, ரயில் அந்த ஏற்றத்தில் ஏறுவதைப் பார்த்துச் சரி சொன்னால் அந்தக் கோடையில் ரயில் கடைசிவரை ஓடும். சொல்லாவிட்டால் கோடை போச்சு. கென் அந்தக் கிழமை முழுக்க ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஆளுக்கு இரண்டு பேரைக் கூட்டி வரலாம் என்றார். ராணியைக் கூட்டிப் போனேன். வேண்டுமென்றே குகனையும் கூட்டிப் போனேன். நான் போட்ட பாதையில் ரயில் அவனைச் சுமந்துகொண்டு ஏற வேண்டும், அதற்குப் பிறகு அவன் வாயைத் திறக்கக்கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

காரில் ராணி மடியில் ஒரு பையை வைத்திருந்தாள்.

"இஞ்சேருங்கோ, ஒரு பழைய கார் வாங்கினதுக்கே லூயிஷாம் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சில்லுக்குக் கீழை தேசிக்காய் வைச்சு ஏத்தினனாங்கள். இது நாரி முறியப் போட்ட தண்டவாளம். ஒரு தேங்காயாவது உடைக்க வேண்டாமே?"

"வெள்ளைக்காரன் சிரிப்பான். பேசாமல் இரு."

பின் சீட்டிலிருந்து குகன் தலையை நீட்டினான். "தேங்காய் காணாது அக்கா. புதுக் கோயில் எண்டால் கும்பாபிஷேகத்துக்கு முதல் எண்ணெய்க்காப்பு எல்லோ? சிலைக்குப் பூசுற மாதிரித் தண்டவாளத்துக்கும் பூசச் சொல்லுங்கோ."

அவன் நக்கலுக்குச் சொன்னான். (தான் அப்படிச் சொல்லவேயில்லை என்று இன்றுவரை சாதிக்கிறான்.) எனக்கோ, கோயிலுக்குள்ளேயே போகாத எனக்கு, மயிர்க்கூச்செறிந்தது. ஓமென்ன, நான் கட்டிய கோயில்தானே!

ஏற்றத்தின் அடியில் ரயில் நின்றது. அதிகாரி இறங்கி மேலேவரை நடந்தார், குனிந்தார், தட்டினார். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பின்னால் போகிற பெண் வீட்டார் மாதிரி நாங்கள் பின்னால் போனோம். திரும்பி வந்ததும் அவர் பெட்டியில் ஏறிக்கொண்டார். கென் மெதுவாக, "அவருக்குப் பிடித்துவிட்டது போல. இனி ரயில் ஏற வேண்டியதுதான்" என்று என்னிடம் எண்ணெய்க் குவளையைத் தந்தார். "முதல் மூட்டுக்குக் கொஞ்சம் விட்டுவிட்டு ஏறு" என்று சொல்லிவிட்டுத் தானும் அதிகாரியோடு ஏறிக்கொண்டார்.

இரண்டு தண்டவாளம் சேரும் மூட்டில் எண்ணெய் விடுவது வழக்கம். வெயிலுக்கு இரும்பு நீளும்போது மூட்டு இறுகிக் கிடக்கக்கூடாது. மூட்டுக்கு எண்ணெய் நல்லதென்றால் முழுத் தண்டவாளத்துக்கும் நல்லதுதானே? இதுதான் என் விஞ்ஞானம். (பள்ளிக்கூடத்தில் உராய்வு என்று ஒரு பாடம் இருந்தது. அன்று நான் கிரிக்கெட் பார்க்கப் போயிருந்தேன்.)

கையில் குவளை இருந்ததால் எஞ்சின் டிரைவர் என்னைக் கவனிக்கவில்லை. ராணி பையிலிருந்து நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்து நீட்டினாள். எஞ்சினுக்கு முன்னால், இரண்டு தண்டவாளத்தின் உச்சியிலும், உள்ளங்கையால் வழித்து வழித்துப் பூசினேன். கஞ்சத்தனம் பார்க்கவில்லை. சந்தனம், குங்குமம். இரண்டு சில்லுக்கும் முன்னால் ஒவ்வொரு தேசிக்காய். தேங்காய் ஒரே அடியில் சரிபாதியாகப் பிளந்தது. "நல்ல சகுனம்" என்றாள் ராணி. கற்பூரம் காற்றில் அணைந்தது. அதை அவள் சகுனத்தில் சேர்க்கவில்லை.

ஓடிப்போய் ஏறினோம். விசில் அடித்தது. தேசிக்காய்கள் நசிந்தன. சில்லு சுழன்றது. சுழன்றது, சுழன்றது, குகனின் நாக்கு மாதிரிச் சுழன்றது. ரயில் அதற்கு மேல் அசையவில்லை. டிரைவர் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினார். நெருப்புப் பொறி பறந்தது. இப்படி வழுக்கினால் மணல் தூவ எஞ்சினில் ஒரு குழாய் உண்டு. அன்று பார்த்து அது ஈரத்தில் அடைத்திருந்தது. (அது என் வேலையில்லை, நம்புங்கள்.)

பிறகு மணம் வந்தது. சூடேறிய இரும்பில் நல்லெண்ணெய். ஆடு மேய்கிற வயல்களுக்கு நடுவில், முழு ரயிலுக்கும் தோசை மணம். அதிகாரி ஜன்னலால் தலையை நீட்டி மோப்பம் பிடித்தார். குகன் என் காதுக்குள் குனிந்தான்.

"அத்தான், சம்பலும் கொண்டந்தனீங்களோ?"

கென் இறங்கிப் போய்ப் பார்த்தார். நசிந்த தேசிக்காயைக் கையில் ஏந்திக்கொண்டு திரும்பி வந்தார்.

"பனியால் நின்ற ரயிலைப் பார்த்திருக்கிறேன்" என்றார் அமைதியாக. "இலை விழுந்து நின்ற ரயிலையும் பார்த்திருக்கிறேன். சாலட்டால் நின்ற ரயிலை இப்போதுதான் பார்க்கிறேன்."

கோப்பை கழுவுகிற சோப்பும் எஞ்சினின் சுடுநீரும் கொண்டுவந்து, பேங்க் மானேஜரும் பல் டொக்டரும் முழங்காலில் நின்று தண்டவாளத்தைத் தேய்த்தார்கள். நானும் தேய்த்தேன். ரயில் ஏறியது. ஒரு சிலிப்பர் கட்டைகூட அமுங்கவில்லை. ஆனால் சில்லு ஒரே இடத்தில் சுழன்றதில் புதுத் தண்டவாளம் இரண்டிலும் கரண்டியால் தோண்டிய மாதிரிக் குழி. அதிகாரி குழிக்குள் விரலை வைத்துப் பார்த்தார். "பாதை நன்றாக இருக்கிறது. இந்த இரண்டையும் மாற்றிவிட்டுக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதே அளவுத் தண்டவாளம் தேடிப் பிடித்து, மாற்றி, அவர் மறுபடி வந்து சரி சொன்னபோது கோடை முடிந்து இலை கொட்டத் தொடங்கியிருந்தது. கென் என்னைத் திட்டியிருந்தால் திருப்பித் திட்டிவிட்டு ஒரேயடியாக வந்திருப்பேன். அந்த மனுசன் திட்டவில்லை. அடுத்த ஞாயிறு என் சுத்தியலை வாங்கிக்கொண்டு, கோப்பை கழுவுகிற துணியைத் தந்தார். அந்தக் கோடை முழுக்க நான் கோப்பை கழுவினேன். சுத்தியல் பிறகு திரும்பி வந்தது. எண்ணெய்க் குவளை இன்றுவரை வரவில்லை. குழி விழுந்த தண்டவாளங்களை எறிய மனமில்லாமல், தேத்தண்ணீர்க் கொட்டிலுக்குப் பக்கத்தில் பெட்டிகள் நிறுத்துகிற பாதையில் போட்டார்கள். பெட்டி அதைத் தாண்டும்போது "தடக்" என்று ஒரு சத்தம் வரும். உடனே யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

வீட்டில் காரோ புல் வெட்டுகிற மெஷினோ ஓடாமல் நின்றால், "அத்தான் எண்ணெய்க்காப்பு வைச்சிட்டாரோ?" என்பான் குகன். மகள் முதல் கார் வாங்கித் தேசிக்காய் வைத்த அன்று, "அப்பா, ப்ளீஸ், நீங்கள் அங்காலை போய் நில்லுங்கோ" என்றாள். நின்றேன், செருப்புகளுக்குப் பக்கத்தில்.

குகன் எந்தக் கலியாண வீட்டிலும் இந்தக் கதையைச் சொல்லாமல் பந்தியில் இருக்க மாட்டான். இரண்டு போத்தல் எண்ணெய் என்கிறான். பச்சைப் பொய். முக்கால் போத்தல்தான். மிச்சத்தில் அன்று பின்னேரம் ராணி தோசை சுட்டாள். அவனே எட்டுத் தோசை தின்றான். ஒன்றுகூடக் கல்லில் ஒட்டவில்லை.