மேல்வெட்டு, பக்கவெட்டு

“நாடியில கத்தி வைக்க விடமாட்டன். எங்கட அப்பாவுக்கும் இதே நாடிதான். தொண்ணூறு வயசுமட்டும் ஒரு பிழையும் வரேல்லை.”

“ஐயோ, அந்த நாடியில்லையப்பா! பெருநாடி. நெஞ்சுக்குள்ள போற பெரிய குழாய்.”

“டொக்டர் தந்த துண்டில நாடியெண்டுதானே போட்டிருக்கு?” கிளறன்ஸ் மோவாயை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார்.

செலீன் கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள். கொட்டாஞ்சேனையில் முப்பது வருடமாகச் சாரிச்சட்டை தைப்பவள் அவள். அடம்பிடிக்கும் துணியை அவளுக்குத் தெரியும். அடம்பிடிக்கும் புருஷன் புதிது.

போன வாரம் டொக்டர் விளக்கமாகத்தான் சொல்லியிருந்தார். கிளறன்ஸின் இதயத்திலிருந்து பெருநாடிக்கு இரத்தம் போகும் வாசலில் இருக்கிற வால்வு, சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டது. புதிது வைக்க வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது. அதை விட்டால் நாலு மாதம் காத்திருக்க வேண்டும்.

“நாலு மாசம் தாங்குமோ டொக்டர்?” என்று செலீன் கேட்டாள்.

டொக்டர் சுவர்க் கலண்டரில் அந்த வெள்ளிக்கிழமையைப் பேனாவால் வட்டமிட்டார். மயங்கி விழுந்தது நோயாளியில்லை, செலீன். அவளை அடுத்த அறையில் கிடத்தி, நேர்ஸ் அனுஷியா குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. தையல் மெஷினின் சக்கரத்தில் கையை வைத்தபடி, நங்கூரம் கழன்ற கப்பலில் தனியாக அகப்பட்டவளைப் போல உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் காலையில் கிளறன்ஸ் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, “எனக்கு ஒப்பரேஷன் வேண்டாம்” என்றார்.

செலீன் அந்த நிமிடமே எழும்பினாள். “என்ன வேண்டாம்?”

நாடிப் பிரச்சினை ஒருவழியாகத் தீர்ந்ததும், அவருடைய பழைய பெனியனை மேசையில் விரித்தாள். “நெஞ்சை முழுசாப் பிளக்கிறேல்லையாம். ரெண்டு வழி இருக்கு. ஒண்டு மேல்வெட்டு. நெஞ்செலும்பின்ட மேல்பாதியை மட்டும் திறக்கிறது.” கத்தரிக்கோல் பெனியனின் கழுத்திலிருந்து மூன்று அங்குலம் இறங்கியது.

“பிறகு எலும்பை என்னத்தால தைக்கிறது?”

“கம்பியால.”

“கம்பியாலயோ? நான் என்ன வளவு வேலியே?”

“அப்ப பக்கவெட்டு. வலப்பக்கத்து விலா எலும்பு ரெண்டுக்கு நடுவால போறது. எலும்பே வெட்டுறேல்லை.” பெனியன் இழுபட்டுப் போயிருந்ததால், கதிரையில் கிடந்த சட்டையை இழுத்து மேசையில் போட்டு நறுக்கென்று வெட்டினாள்.

“அது என்ட பூசைச் சட்டை.”

“வேற தைச்சுத் தாறன்.”

“அதோட, நீ வெட்டினது முதுகுப் பக்கம்.”

செலீன் குனிந்து பார்த்தாள். சட்டை கவிழ்ந்துதான் கிடந்தது.

“முப்பது வருஷத் தையல்காரி நீயே பிழையா வெட்டினா, அந்த டொக்டர் எங்க வெட்டுவாரோ!” என்று கிளறன்ஸ் கதிரையில் சாய்ந்தார்.

வாயால் சொல்லிப் பயனில்லை என்று, அடுத்த நாள் செலீன் சாட்சிகளையே கொண்டுவந்து இறக்கினாள். வெள்ளவத்தையிலிருந்து புஷ்பராஜ், பக்கவெட்டு. கிராண்ட்பாஸிலிருந்து ஜவாத், மேல்வெட்டு. இருவரும் அவளிடம் சட்டை தைக்கக் கொடுக்கும் பெண்களின் புருஷன்மார்.

“கழட்டிக் காட்டுங்கோ,” என்றாள். இருவரும் காட்டினார்கள்.

“நான் மூண்டாம் நாளே நடந்தனான்,” என்றார் புஷ்பராஜ். “ஒப்பரேஷனுக்குத்தான் கொஞ்சம் கூட நேரமெடுத்தது. இப்பவும் தும்மினா விலாவில ஒரு பிடி பிடிக்கும்.”

“எனக்கு இருமினா நோவும், அதுவும் ரெண்டு மாசந்தான்,” என்றார் ஜவாத். “தழும்பும் சின்னன். இவர்டது ரயில் பாதை மாதிரி ஈக்குது.”

“ரயில் பாதையோ? அளந்து பாப்பம்!”

செலீன் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தாள். புஷ்பராஜுக்கு ஆறரை சென்ரிமீற்றர். ஜவாத்துக்கு ஏழு.

“அவர் மூச்சை உள்ளுக்கு இழுக்கிறார்! இது செல்லாது!” என்றார் ஜவாத்.

“உங்கட தொந்தியை விட்டுட்டு நில்லுங்கோவன், பாப்பம்!”

சட்டைக்கு அளவு கொடுக்க வந்த பெண்ணொருத்தி, வாசலில் நின்றபடி மேல்சட்டையில்லாத இரண்டு ஆண்களைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனாள்.

“ஒரு தழும்புக்கே இவ்வளவு சண்டை,” என்றார் கிளறன்ஸ். “எனக்கு வேண்டாம்.”

“சண்டை பிடிக்கிறதுக்கு ரெண்டு பேரும் உயிரோட இருக்கினம், பாத்தீங்களா?”

அரைமணி நேரம் கழித்து கிளறன்ஸ், நெஞ்சைத் திறக்காமல் தொடை இரத்தக்குழாய் வழியாகவே வால்வு வைக்கிறார்களாமே என்று ஆரம்பித்தார்.

“அது உங்கட வால்வுக்குச் சரிவராதெண்டு டொக்டர் அண்டைக்கே சொன்னவர். வெள்ளிக்கிழமை நீங்கள் அந்தக் கட்டில்ல படுக்கிறீங்கள். அவ்வளவுதான்.”

வெள்ளிக்கிழமை காலை முச்சக்கர வண்டியில் அவரது இடுப்புப் பட்டியை ஒரு கையால் பிடித்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போனாள். மறு கையில் பெனியன், சட்டை, அளவு எழுதிய கொப்பி.

“டொக்டர், மேல்வெட்டோ பக்கவெட்டோ, எது திறம்?”

“முடிவைப் பாத்தா ரெண்டும் ஏறக்குறைய ஒண்டுதான் அம்மா.”

“உங்கட கைக்கு எது பழக்கம்?”

டொக்டர் சிரித்தார். “மேல்வெட்டு.”

“அப்ப அதுதான்,” என்று கொப்பியை மூடினாள். பழகின கை என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நெஞ்சு மயிர் வழிக்கக் கூட்டிக்கொண்டு போனபோதும் கிளறன்ஸ், “மாட்டன், மாட்டன்” என்று முனகிக்கொண்டேதான் போனார். கதவு சாத்தியதும் செலீன் பேனாவோடு நேர்ஸ் அனுஷியாவின் மேசைக்கு ஓடினாள்.

“சம்மதக் கடிதத்தைத் தாங்கோ பிள்ளை. அவர் மனம் மாறமுன்னம் பிடிச்சுக் கையெழுத்து வாங்கோணும்.”

அனுஷியா கோப்பைத் திறந்தாள். ஒரு தாளைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

“அன்டி, அங்கிள் போன வாரமே கையெழுத்து வச்சிட்டார், நீங்க மயங்கிக் கிடக்கேக்க. ‘நான் மாட்டனெண்டு நிண்டாத்தான் மனுசி பயப்பட நேரமில்லாம ஓடித்திரியும்’ எண்டு நேற்றும் கோல் எடுத்துச் சொன்னவர். இப்ப உள்ளுக்க பயப்படுறது அவர்தான், நீங்க போய் இன்னும் கொஞ்சம் சண்டை பிடிக்கிறீங்களா?”