அட்மிட் அண்ணனின் பை

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் சல்லடை போட்டுத் தேடினாலும் அட்மிட் அண்ணனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைக் கண்டுபிடிக்க முடியாது. நான் சொல்வது யுத்தகாலத்தைப் பற்றி என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அந்தப் பட்டத்துக்கு ஊரில் அப்போது கடும் போட்டி இருந்தது. இரண்டாம் இடத்துக்கு நானே முயன்றுகொண்டிருந்தேன்.

டவுணில் ஒரு கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் நாங்கள் வேலை பார்த்தோம். நான் தட்டச்சுக்காரி, அவர் ஸ்டோர் கீப்பர். எல்லோரும் ஷெல்லுக்கும் ராணுவச் சுற்றிவளைப்புக்கும் பயந்தார்கள். அவர் அவற்றோடு வருத்தத்துக்கும் பயந்தார். எங்கள் பக்கத்தில் நோயை வருத்தம் என்றுதான் சொல்வோம். ஷெல் சத்தம் கேட்டால் நாங்கள் மேசைக்குக் கீழே பாய்வோம். அவரும் பாய்வார், பாய்ந்ததும் தன் நாடியைப் பிடித்துப் பார்ப்பார்.

"தங்கச்சி, அடிப்பு கொஞ்சம் கூடத்தான் இரிக்கி."

"எனக்குந்தான் அண்ணன்."

"உங்களுக்கு அது பயம். எனக்கு இது ஏதோ வருத்தம்."

அந்த நாட்களில் எல்லார் வீட்டிலும் கதவடியில் ஒரு பை தயாராக இருக்கும். காணி உறுதிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், ஒரு மாற்றுடுப்பு. சத்தம் கிட்ட வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ ஓட வேண்டும். அட்மிட் அண்ணனிடமும் ஒரு பை இருந்தது. வீட்டுக்கும் கந்தோருக்கும் அவர் கூடவே போய்வரும். அதற்குள் உறுதியும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. சாரன், துவாய், தட்டு, கிளாஸ், கரண்டி, பிளாஸ்க், டெற்றோல், படுக்கை விரிப்பு. திடீரென்று ஆஸ்பத்திரியில் அட்மிட் பண்ணிவிட்டால் என்ன செய்வது? அதற்குத்தான் அந்தப் பை, பட்டப்பெயரும் அதனால்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், மனிதர் ஆயுளில் ஒரு டொக்டரிடமும் போனதில்லை. கேட்டால், "போனா என்னத்தையாவது சொல்லிப் போடுவாங்க" என்பார்.

இப்படியிருக்கையில் கொழும்பிலிருந்த எங்கள் தலைமைக் கந்தோர் எங்களுக்கு ஒரு புதிய மருத்துவக் காப்புறுதியைக் கொண்டுவந்தது. ஆளுக்கொரு படம் ஒட்டிய அட்டை. காப்புறுதிக் கம்பனி ஏற்றுக்கொண்ட ஒரு டொக்டரிடம் முதலில் நேரில் போய் உடம்பைக் காட்டி அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். பிறகு அவர் அனுப்பும் இடத்தில்தான் வைத்தியம். கொழும்பிலிருந்து பார்த்தால் அருமையான திட்டம். மட்டக்களப்பிலிருந்து பார்த்தால் ஒரேயொரு குறை: டொக்டர்கள் இல்லை. கம்பனி சொன்ன முதலாமவர் லண்டன் போய்விட்டார். இரண்டாமவர் கனடா போகிறேனென்று புறப்பட்டு வழியில் எங்கேயோ நின்றார். மூன்றாமவரின் டிஸ்பென்சரி இருந்தது, ஆனால் அதன் வாசலில் மண்மூட்டை அடுக்கி ஆமி சென்றிக் காவல் போட்டிருந்தது. தெரியாமல் அட்டையை நீட்டிக்கொண்டு போன எங்கள் கிளார்க், இரண்டு கையையும் உயர்த்தியபடி திரும்பி வந்தார். மிச்சம் இருந்தது ஏறாவூரில் ஒரேயொரு டொக்டர்.

ஏறாவூர் முஸ்லிம் மக்களின் ஊர். பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேர ஓட்டம்தான். ஆனால் நடந்தவை நடந்த பிறகு முஸ்லிம் ஊர்களுக்கு நாங்கள் போவதில்லை, எங்கள் தெருக்களுக்கு அவர்கள் வருவதில்லை. இரண்டு பக்கமும் செத்தவர்கள் இருந்தார்கள். "காப்புறுதி எடுக்கப் போய் உசிரக் குடுக்கவா?" என்றார் கிளார்க். எல்லோரும் அட்டையை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார்கள்.

என்னால் மூட முடியவில்லை. என் கழுத்தில் இடது பக்கம் ஒரு கட்டி வந்திருந்தது. முதலில் புளியங்கொட்டை அளவு, பிறகு பாக்கு அளவு. என் அம்மா இப்படியொரு கட்டியோடுதான் போனா. பெரியாஸ்பத்திரியில் கேட்டால் சத்திரசிகிச்சை டொக்டர் லீவில் என்றார்கள், எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை. யாரிடமும் சொல்லாமல், சேலைத் தலைப்பைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு திரிந்தேன். கண்ணாடி பார்க்கவே பயந்தேன்.

கண்டுபிடித்தவர் வேறு யார்? வருத்தம் மோப்பம் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"தங்கச்சி, இந்த வெக்கைக்கு ஆராவது கழுத்த மூடுவாங்களா? என்ன, கட்டியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சொன்னேன்.

அட்மிட் அண்ணன் தன் கழுத்தை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "ஏறாவூருக்குப் போவம்" என்றார்.

"எனக்குப் பயமா இரிக்கி அண்ணன்."

"எனக்கு மட்டும் என்ன? ரெண்டு பேரும் சேந்து பயப்படுவம். நாளைக்குக் காலம்பற வாங்க."

மறுநாள் பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் ஜன்னலோரம் இருந்தார். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு சிப்பாய் அவருடைய பையைத் திறந்து, தட்டு, கிளாஸ், பிளாஸ்க் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தான்.

"ஆஸ்பத்திரி போறது?" என்று கொச்சைத் தமிழில் கேட்டான்.

"ஓம் சேர்."

"யாருக்கு வருத்தம்?"

"எனக்கு."

"என்ன வருத்தம்?"

அட்மிட் அண்ணனுக்குப் பொய் சொல்லவும் பயம். "இன்னும் வரல்ல சேர்" என்றார்.

சிப்பாய் சிரிக்கவில்லை. வருத்தமில்லாத ஒருவன் ஆஸ்பத்திரிப் பையோடு எங்கே போகிறான்? துப்பாக்கி முனையால் ஓரமாகக் காட்டினான். ஓரமாக நிறுத்தப்பட்டவர்களில் சிலர் வீடு திரும்பியதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் மாமரத்தடியில் போய் நின்றார். நாடி பார்க்கக்கூட அவர் மறந்துவிட்டார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

நான் முன்னால் போய்க் கழுத்திலிருந்த தலைப்பை எடுத்தேன். இத்தனை நாளும் வீட்டில்கூட ஒருவருக்கும் காட்டாத கட்டியை அந்த வெயிலில், அந்தச் சிப்பாய்க்குக் காட்டினேன்.

"எனக்குத்தான் வருத்தம். அவர் என்ட அண்ணன். துணைக்கு வாறார்."

அவன் ஓரடி பின்னால் போனான். கட்டி தொற்றிவிடும் என்று நினைத்தானோ, தன் வீட்டுப் பெண் யாரையாவது நினைத்தானோ தெரியாது. கையை வீசி இருவரையும் போகச் சொன்னான். என் கட்டியால் விளைந்த முதல் நன்மை அது.

பஸ் ஏறாவூரை நெருங்க அடுத்த கூத்து ஆரம்பித்தது. அட்மிட் அண்ணன் நெற்றி விபூதியை லேஞ்சித் துணியால் துடைத்தார். அப்படித் துடைத்த பாவத்துக்குச் சாமி ஏதாவது வருத்தத்தைத் தந்துவிட்டால் என்ற பயம் வர, பொட்டலத்தை எடுத்துத் திரும்பப் பூசினார். ஒரு தொப்பி போட்ட மனிதர் ஏறியதும் மறுபடியும் துடைத்தார். இறங்கும்போது நெற்றி முழுக்க வெள்ளை. ஊருக்குள் அப்படி ஒரு தமிழ் நெற்றி வந்து வெகுகாலம் ஆகியிருக்கும்.

டிஸ்பென்சரி பூட்டியிருந்தது. பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, தெருவின் இரு பக்கமும் பார்த்தார்.

"டொக்டர் தொழுதிட்டு வருவார். வெளியில நிக்க வேணாம், உள்ளுக்கு வந்து இரிங்க" என்றார். அவசரமாகப் பிளேன்டீ ஊற்றி வைத்தார்.

அட்மிட் அண்ணன் கிளாஸைத் தொடாமல், "தண்ணி நல்லாக் கொதிச்சதா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "உங்களுக்குப் பயம் அதுதானா? நான் வேற ஏதோ நினைச்சன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "டவுண் எப்படி இரிக்கி? கோட்டைப் பக்கம் மீன் வாங்க வருவன் முந்தி. இப்ப வரப் பயம்" என்றார். அவருக்கும் எங்களைப் போலத்தான் இருந்தது.

டொக்டர் வந்தார். வயதான, மெலிந்த மனிதர். அறைக் கதவைத் திறந்து, "வாங்க மகள்" என்றார். நான் எழும்பவில்லை. உள்ளே போனால் அம்மாவுக்குச் சொன்னதைத்தான் எனக்கும் சொல்வார்கள் என்று தோன்றியது. இவ்வளவு தூரம் வந்தும், திரும்பிப் போவோம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன்.

"அப்ப நான் முதல்ல போறன்" என்றார் அட்மிட் அண்ணன்.

போனார். கதவைச் சாத்தவில்லை, நான் பார்க்க வேண்டுமென்று திறந்தே விட்டார். கட்டிலில் படுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டார். டொக்டர் பையை மெதுவாக வாங்கிக் கீழே வைத்துவிட்டு நெஞ்சில் குழாயை வைத்தார்.

"எவ்வளவு காலமா வருத்தம்?"

"வருத்தம் வரல்ல டொக்டர். பயம்தான், சின்ன வயசில இருந்து."

"அதுக்கு எனக்கிட்ட மருந்தில்ல. இருந்தா நானும் குடிப்பன். மத்ததெல்லாம் குதிரை மாதிரி இரிக்கி."

வெளியே வந்தவரின் முகம் பரீட்சையில் கோட்டைவிட்டவனின் முகம்போல் இருந்தது. "ஒண்டுமில்லயாம்" என்றார் ஏமாற்றத்தோடு. பிறகு என்னிடம் குனிந்து, "போங்க தங்கச்சி. குழாய் கொஞ்சம் குளிரும். நோகாது. நான் பாத்திட்டன்" என்றார்.

போனேன். குழாய் குளிர்ந்தது. நோகவில்லை. டொக்டர் கட்டியை அழுத்திப் பார்த்து, இது கெட்ட சாதிக் கட்டியாகத் தெரியவில்லை, ஆனாலும் வெட்டியே ஆக வேண்டும் என்றார். தனக்குத் தெரிந்த சத்திரசிகிச்சை டொக்டர் ஒருவர் பெரியாஸ்பத்திரிக்குத் திரும்பி வந்துவிட்டார், நாளைக்கே போ என்று துண்டு எழுதித் தந்தார்.

என் கதவடிப் பையில் காணி உறுதி இருந்தது. தண்ணீர் குடிக்க ஒரு கிளாஸ் இல்லை. அட்மிட் அண்ணன் தன் பையை அப்படியே என் கையில் தந்தார். பெரியாஸ்பத்திரியில் கட்டியை வெட்டினார்கள். ஒரு கிழமை, ஏழு நாளும், அவருடைய தட்டில் சாப்பிட்டேன், அவருடைய விரிப்பில் படுத்தேன். அவர் ஒவ்வொரு நாளும் பார்க்க வந்தார். கிருமிக்குப் பயந்து வார்டுக்குள் வரவில்லை. மூக்கை லேஞ்சியால் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்று, "நாடி எப்படி?" என்று கத்திக் கேட்பார். நல்ல கட்டிதான் என்று டொக்டர்கள் முடிவு சொன்ன அன்று, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். யுத்தப் பிரதேசங்களுக்குத் திட்டம் பொருந்தாது என்று காப்புறுதிக் கம்பனி அறிவித்தபோது நான் வேலைக்கே திரும்பியிருந்தேன். பையைத் திருப்பிக் கொடுத்தேன். என் கண்ணெதிரிலேயே எல்லாவற்றையும் டெற்றோலில் கழுவினார்.

கடைசிவரை அவர் அட்மிட் ஆகவில்லை. வயதாகி, தன் வீட்டுக் கட்டிலில், நித்திரையில் போய்விட்டார். நானும் இப்போது டொக்டர்களிடம் அலையும் வயதுக்கு வந்துவிட்டேன். பெயரைக் கூப்பிட்டுக் கதவைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கணம் ஒதுங்கி நிற்கிறேன், அண்ணன் முதலில் போகட்டும் என்று.