கேட்டே ஆகவேண்டிய படங்கள்

கிழக்கு ரொறன்ரோ முதியோர் நலன்புரிச் சங்கத்தின் இணையத்தளம் பார்வையற்றோரும் பயன்படுத்தத்தக்கதாக மேன்மைப்படுத்தப்பட்டுள்ளது என்ற நற்செய்தி வந்தபோது, நவரட்ணம் உண்மையாகவே மகிழ்ந்துபோனார். பார்வை போன நாளிலிருந்து அவருக்குப் பிக்கரிங்கில் மகள் வீடுதான் உலகம். பால் வாங்கப் போவதற்கும் யாராவது கார் எடுக்கவேண்டும். ஸ்காபரோவில் சங்கத்தின் முதியோர் குடியிருப்பில் இடம் கிடைத்தால், கீழே இறங்கித் தானே பஸ் பிடிக்கலாம். விண்ணப்பம் இணையத்தில் மட்டும்தான்.

“நான் நிரப்பித் தாறன், அப்பா,” என்றாள் மகள் ரோகிணி.

“தனிய இருக்கப் போற வீட்டுக்கு நான்தான் நிரப்பவேணும்.”

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரலைக் கணினியில் முடுக்கிவிட்டார்.

“படம். மலர்ந்த முகமும் பட்டுச் சால்வையும் துலங்க, தலைவர் இராஜரட்ணம் அவர்கள் மங்கள விளக்கேற்றுகிறார்...”

வர்ணனை நீண்டது. அடுத்த படத்தில் உபதலைவர் அதே விளக்கை ஏற்றினார். பொருளாளர் ஏற்றிக்கொண்டிருக்கும்போது, நெடுநேரம் எதையும் நிரப்பாத குற்றத்துக்காகப் பக்கம் தானாக மூடிக்கொண்டது.

நவரட்ணம் சங்கத்துக்குப் போன் எடுத்தார்.

“அண்ணை, உந்தப் படங்களைத் தாண்டிப் போக வழி இல்லையோ?”

“இருந்தது. நான்தான் எடுப்பிச்சனான்,” என்றார் தலைவர். “கண் தெரிஞ்ச சனம் எங்கட முகத்தைப் பாக்காமல் தப்பேலாது. உங்களுக்கு மட்டும் சலுகை குடுத்தால் அது சமத்துவமோ?”

தலைவரின் பக்கத்திலிருந்து ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த துவாரகா, தளத்தை அமைத்தவள், இடையில் புகுந்தாள். “சிம்பிள், அங்கிள். படங்களை எடுத்துவிடுவம்.”

தலைவர் அந்தக் கணமே போனை வைத்துவிட்டார்.

செயற்குழு அவசரமாகக் கூடியது. தளத்தில் பார்வையற்றவர் ஒருவரின் படம் இல்லாததே குறை என்று ஏகமனதாகக் கண்டுபிடித்தது. நவரட்ணம் அணுகல் ஆலோசகராக நியமிக்கப்பட்டு, அவர் படமும் வர்ணனையோடு ஏற்றப்பட்டது. பெருந்தன்மையோடு, பக்கம் மூடிக்கொள்ளும் நேரத்தையும் தள்ளிவைத்தார்கள்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வந்தது. மாலை ஐந்து மணிவரைதான் அவகாசம். நவரட்ணம் மத்தியானமே கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். எல்லாரும் விளக்கேற்றி முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்.

“படம். கம்பீரத் தோற்றமும் கனிந்த உள்ளமும் கொண்ட கல்விமான் நவரட்ணம் அவர்கள் தொலைநோக்கோடு புன்னகைக்கிறார்.”

நவரட்ணம் அதைத் திரும்பக் கேட்டார். சத்தத்தைக் கூட்டினார். “பிள்ளை, ஓடி வா, இதைக் கேள்!” ரோகிணி கேட்டாள். வேலையால் வந்த மருமகன் சப்பாத்தும் கழற்றாமல் கேட்டார். விட்பியில் இருக்கும் தம்பிக்குப் போன் எடுத்து, அதைக் கணினியோடு ஒட்டிப் பிடித்தார்.

“அப்பா, விண்ணப்பம்...”

“பொறு பிள்ளை, சித்தப்பாவுக்கு ‘கல்விமான்’ வடிவாக் கேக்கேல்லையாம்.”

பிறகுதான் விண்ணப்பத்துக்குப் போனார். “விண்ணப்ப காலம் நிறைவுற்றது,” என்றது குரல்.

நவரட்ணம் உடனே தலைவரை அழைத்தார். தலைவர் ஏச்சு வாங்கத் தயாரானார்.

“வீட்டை விடுங்கோ அண்ணை, அது அடுத்த வருசமும் கேக்கலாம்,” என்றார் நவரட்ணம். “என்ர வர்ணனை சுறுக்கா முடிஞ்சுபோகுது. கொஞ்சம் நீட்டிப் போடேலாதோ?”