‘பட் இன்’ பற்றித் தாய்மாமன் தந்த விளக்கம்

ஏகாம்பரநாதர் துணை

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் அன்பு மருமகள் கலைவாணிக்கு, தாய்மாமன் திருஞானசம்பந்தம் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு யாவரும் நலம். உன் அம்மா, என் அக்கா, மட்டும் என்னோடு பேசுவதில்லை.

உன்னைப் பெண் கேட்டு குமரன் வீட்டார் வந்த அன்று காலை, “மாமா, ப்ளீஸ், நடுவுல பட் இன் பண்ணாதீங்க” என்று நீ செய்தி அனுப்பினாய். எனக்கு அர்த்தம் தெரியாமல் இல்லை. நான் ஒன்பதாவதோடு நின்றபோது இங்கிலீஷ் வாத்தியார் தேம்பி அழுதார். பக்கத்து வீட்டு ராஜவேலுவைக் கேள், அவர் வேறு பள்ளிக்கூடம், ஆனாலும் சொல்வார். ஆகையால் வாயைத் திறக்காமல்தான் உட்கார்ந்திருந்தேன். குமரனின் அப்பா ராமலிங்கம்தான், “மாமா ஏன் கம்முனு இருக்கிறாரு? நம்ம மேல எதுனா கோபமா?” என்று கேட்டுவிட்டார். மரியாதைக்கு விளக்க வேண்டியதாயிற்று. கூப்பிடாத பேச்சில் தலையை நுழைப்பதே பட் இன், இது பேச்சு வழக்கு, சிநேகிதர்களிடம் சொல்லலாம், மேனேஜருக்கு எழுதும் கடிதத்தில் போடக்கூடாது என்று தெளிவாகச் சொன்னேன். “உதாரணத்துக்கு, நீங்க முகூர்த்தம் பேசிக்கினு இருக்கசொல்ல நான் பூந்து, ஆவணி வாணாம், தையில வச்சிக்கலாம்னா, அது பட் இன்” என்றேன். “முகூர்த்தந்தாங்க பேசிக்கினு இருந்தோம்” என்றார் அவர்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். குமரனின் அம்மா உனக்கென்று கொண்டுவந்த அரக்குப் புடவையைத் தட்டில் வைத்து, அதைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நம் வீட்டில் புடவை என்றால் கை சும்மா இருக்குமா? முந்தானைச் சரிகையை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிந்தது. “அசல் சரிகைதாம்மா, பயப்படாதீங்க” என்று அவருக்கே தைரியம் சொன்னேன்.

“எனக்குத் தெரியுங்க. அத நெய்ஞ்சதே நான்தான்.”

அதன்பிறகு யாரும் காபியைத் தொடவில்லை. “யோசிச்சு சொல்றோம்மா” என்று அக்காவிடம் சொல்லிவிட்டு எழுந்தார்கள். புடவையும் போய்விட்டது. அந்த அம்மா ஆட்டோவில் ஏறும்போதும் சுரண்டிய இடத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டேதான் போனார். கண்ணை மூடினால் அந்த விரல்தான் தெரிகிறது, கலை. ஆசைப்பட்ட பையனை உனக்கு இல்லாமல் ஆக்கிவிட்டேனோ என்று சோறு இறங்கவில்லை.

இனி உன் விஷயத்தில் வாய் திறக்கமாட்டேன். காமாட்சி அம்மன் உனக்குக் கல்யாணத்தையும் எனக்கு மௌனத்தையும் அருளட்டும்.

இப்படிக்கு,
திருஞானசம்பந்தம்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் நல்ல சேதி. குமரனின் அம்மாவே அக்காவுக்கு போன் போட்டு, “பசங்க ஆசதாம்மா முக்கியம், தாம்பூலம் மாத்திக்கலாம்” என்றார். சந்தோஷத்தில் அக்காவுக்கு நா எழவில்லை. பாவம், தடுமாறுகிறாளே என்று போனை வாங்கி இரண்டே வார்த்தை நான் பேசினேன். மறுபடியும் யோசித்துச் சொல்கிறார்களாம்.