கஞ்சி போட்ட அங்கியும் கவர்னர் மூடிய வழியும்

பெருமதிப்பிற்குரிய மச்சானுக்கு,

கடல் கடந்து வந்து நீதி வழங்கிக்கொண்டிருக்கும் உன் பள்ளித் தோழன் எழுதிக்கொள்வது. நானும் உன் தங்கையும் இங்கு நலம். அங்கு வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, என்னிடம் நலம் விசாரிக்க இந்த ஊரில் ஆள் கிடையாது. நம்மவர்களும் பேசுவதில்லை, ஊர்க்காரர்களும் பேசுவதில்லை. நாம் இவர்களை ஆளத் தொடங்கிய நாள்முதல் இரண்டு தரப்பும் ஒத்துப்போன ஒரே விஷயம் நான்தான்.

நீதிமன்றத்துக்குப் பின்னால் ஆறு ஓடுகிறது. விடிந்தால் போதும், பெண்கள் கல்லில் துணியை அடிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஒருநாள் சாட்சி ‘பார்க்கவில்லை’ என்று சொன்னது அந்தச் சத்தத்தில் என் காதில் ‘பார்த்தேன்’ என்று விழுந்து, ஒன்றும் அறியாத ஒரு வண்டிக்காரன் சிறைக்குப் போக இருந்தான். உடனே, நீதிமன்றம் நடக்கும் நேரத்தில் யாரும் துவைக்கக் கூடாதென்று உத்தரவு போட்டேன். அடுத்த வாரம் அந்தப் பெண்களிடம் துவைக்கப் போட்ட என் கறுப்பு அங்கி திரும்பி வந்தது. எத்தனை அண்டா கஞ்சி போட்டார்களோ, மூலையில் தானாகவே நின்றது. நீதிமன்ற டவாலிச் சேவகன் அதற்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனான். அதைப் போட்டுக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. நான் நின்றதால் வக்கீல்களும் நாள் முழுக்க நின்றார்கள். குற்றம் சாட்டப்பட்டவனுக்கு மட்டும் கால் வீக்கம் என்று நாற்காலி போட்டிருந்தோம்.

இது இப்படியிருக்க, ஆற்றுக்குப் போகும் வழியைக் கவர்னர் இரும்புக் கதவு போட்டு அடைத்துவிட்டார். துவைக்கிற சத்தத்தில் அவருடைய மனைவிக்குத் தலைவலியாம். துவைக்கிற பெண்களுக்குத் தலைவியாக இருப்பவளை ஊரே ஆற்றுக்காரி என்றுதான் கூப்பிடும். அவள் என் நீதிமன்றத்திலேயே கவர்னர்மேல் வழக்குப் போட்டாள். கவர்னர் என்னை விருந்துக்கு அழைத்து, தன் கையாலேயே பரிமாறிவிட்டுச் சொன்னார்: “அந்தச் சத்தம் உங்களுக்கும் ஆகாதே. கதவு பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே.”

அதில் பொய் ஒன்றுமில்லை மச்சான். அதுதான் எனக்குச் சங்கடம். ஆனால் அது அவர் அப்பன் வீட்டு வழி இல்லையே. கதவை எடுக்கச் சொல்லித் தீர்ப்பு எழுதினேன். அன்றிலிருந்து கிளப்பில் நான் சீட்டு மேசைக்கு வந்தால் மற்ற மூவருக்கும் அவசர வேலை வந்துவிடுகிறது. தனியாக ஆடிப் பழகினேன்; அதிலும் தோற்கிறேன். சரி, ஜெயித்தவளாவது ஒரு நன்றி சொல்வாள் என்று பார்த்தால், ஆற்றுக்காரி அங்கேயே நின்று கேட்டாள்: “வழிய தொறந்துட்டீங்க, சரி. அதுல போயி ஆத்த வேடிக்கை பாக்கவா?” நீதிமன்ற அவமதிப்பு என்று வெளியே அனுப்பினேன்.

போதுமடா சாமி என்று ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். கவர்னர் என்னை உட்காரக்கூடச் சொல்லாமல், இந்தக் கடிதம் வரும் கப்பலிலேயே அதை மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சந்தோஷமாகச் சொன்னார். அடுத்த கப்பலில் நாங்கள் கிளம்பி வருகிறோம். வீட்டில் குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல். உன் தங்கை உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாள்.

பெரியவர்களுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீடூழி வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
யாருக்கும் வேண்டாத உன் தோழன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் வாசலில் கூட்டம். எனக்குப் பதிலாகக் கவர்னரின் மச்சினன் நீதிபதியாக வருகிறானாம். முன்னால் ஆற்றுக்காரி, பின்னால் கிளப்பில் சீட்டாடும் நம் வியாபாரிகள் இருவர். அவள்தான் பேசினாள்: “உங்கள இங்க யாருக்கும் பிடிக்காதுங்க. அதுல மாத்தமில்ல. ஆனா நீங்க எங்களையும் ஏசுவீங்க, அவரையும் ஏசுவீங்க. வரப்போறவரு எங்கள மட்டுந்தான் ஏசுவாரு.” வியாபாரிகள் சுவரைப் பார்த்தபடி தலையாட்டினார்கள்; நாளைக்குக் கவர்னர் அவர்கள் கடை வழியையும் அடைக்கலாமே. நான் உன் தங்கையைத் திரும்பிப் பார்த்தேன். “பெட்டியில நான் இன்னும் ஒண்ணுமே வைக்கலீங்க” என்றாள். தூக்கிப் பார்த்தேன், காலி.

ஆகவே வீட்டைக் காலி செய்யச் சொல்லாதே. ராஜினாமாவைத் திரும்பப் பெறும் கடிதமும் இதே கப்பலில் போகிறது. இனி நீதிமன்றம் காலையில் மட்டும், மதியத்துக்குமேல் துவைக்கலாம் என்று வாசலிலேயே உத்தரவு போட்டேன். அப்புறம் துணி எப்போது காயும் என்று கேட்டுத் திட்டிக்கொண்டே போகிறார்கள்.