பிஸ்கோத்துச் சாமியும் ஐந்து விஞ்ஞான முறைகளும்

பூமிக்கு மேலே கிடப்பதைக் கண்டுபிடிக்க யாராலும் முடியும். கண் இருந்தால் போதும். பூமிக்குக் கீழே கிடப்பதைக் கண்டுபிடிக்கத்தான் அலுவலகம் வேண்டும், ஜீப் வேண்டும், மூன்று பிரதி எடுக்கக் கார்பன் தாள் வேண்டும். இந்த மாபெரும் உண்மையை உலகுக்கு நிரூபித்த பெருமை, 1957-ஆம் வருஷம் குளத்தூருக்குக் கிழக்கே ஒரு பொட்டலில் பதினோரு மாதம் கூடாரமடித்திருந்த எங்கள் 'யுத்தகாலச் சமாதிகள் தேடும் தனிப் பிரிவு'க்கே உரியது. நான் அதில் குமாஸ்தா. தற்புகழ்ச்சி என்று நினைக்க வேண்டாம், கார்பன் தாள் வைத்தவன் நான்தான்.

விஷயம் இதுதான். 1944-இல், சமஸ்தானக் காலத்தில், வெள்ளைக்கார விமானம் ஒன்று அந்தப் பொட்டலில் விழுந்து எரிந்தது. ஓட்டி வந்தவனுக்கு இருபத்திரண்டு வயது. எட்டாம் நாள் போலீஸ் வந்தது. இறக்கைத் துண்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, யாராவது தப்பி ஓடினார்களா என்று ஊரில் விசாரித்தது. யாரும் ஓடவில்லை என்று ஊர் உள்ளதைச் சொன்னது. 'உடல் கிடைக்கவில்லை' என்று ரிக்கார்டில் ஏறிவிட்டது. பதின்மூன்று வருஷம் கழித்து அவன் தாயார் சீமையிலிருந்து கடிதம் எழுதினாள். வயது எழுபத்தாறு ஆகிறது, மகன் எங்கே கிடக்கிறான் என்று தெரிந்துகொண்டு கண்ணை மூட வேண்டும் என்றாள். கடிதம் டில்லி, சென்னை, திருச்சி என்று ஊருக்கு ஒரு சீல் வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்தது.

எங்கள் ஸ்பெஷல் ஆபீசர் குழந்தைசாமி அவர்கள் டில்லியில் ஆறு வாரம் பயிற்சி பெற்றவர். அதற்கு முன்னால் கோழி அபிவிருத்தியில் இருந்தார். மண்ணைக் கிளறும் இலாகாவுக்கு இதைவிடத் தகுதியான ஆள் கிடைக்கமாட்டார். ஜீப் டிரைவர் இலுப்பூர் மீரா சாகிபு. அவருக்கு எந்தப் பயிற்சியும் இல்லை.

கூடாரம் போட்ட இடம் காத்தாயி என்ற விதவையின் வரகுக் காடு. காட்டின் ஓரத்தில் ஒரு வேப்பமரம், அதன் அடியில் மஞ்சளும் சந்தனமும் அப்பிய ஒரு கல். அதற்கு 'பிஸ்கோத்துச் சாமி' என்று பெயர். பொங்கல், கிடாவெட்டு எதுவும் கிடையாது, பிஸ்கோத்துதான் படையல். நாயக்கர் காலத்து வழிபாடாக இருக்கலாம் என்று ஆபீசர் டைரியில் குறித்துக்கொண்டார். வழிபாட்டு இடத்துக்கு நூறு அடிக்குள் தோண்டக்கூடாது என்பது விதி. ஆகவே கல்லைச் சுற்றி நூறு அடிக்கு வெள்ளைக் கயிறு கட்டினோம்.

முதல் நாளே காத்தாயி வந்தாள். படிவப்படி அவளை நான் விசாரித்தேன்.

"இந்தப் பக்கம் வெள்ளைக்காரங்க சமாதி ஏதாச்சும் இருக்காம்மா?"

"சமாதி ஏதுங்க. சாமிதான் இருக்கு."

'சமாதி: இல்லை' என்று எழுதிக் கைநாட்டு வாங்கினேன். ஆனால் அவள் போகவில்லை. முந்தானையிலிருந்து ஒரு பழைய காகிதத்தை எடுத்தாள்.

"எம் மகன் உடையப்பன் பட்டாளத்துக்கு ரோடு போடப் பர்மாவுக்குப் போனானுங்க. செத்துட்டான்னு இந்தக் காயிதம் வந்துச்சு. எங்க பொதைச்சாகன்னு இதுல இல்லையாம். அடையாளம் தெரியாத சமாதியத் தேடுற ஆபீசுன்னு சொன்னாக. அவனையும் தேடித் தாங்க."

ஆவன செய்யப்படும் என்று ஆபீசர் வாக்களித்தார். மனுவுக்கு வரிசை எண் ஒன்று என்று போட்டேன். எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரே மனு அதுதான். மறுநாளிலிருந்து காத்தாயி கேட்காமலே இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

இனி விஞ்ஞானம். டில்லியில் ஐந்து முறைகள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். குழி தோண்டி மூடிய இடத்தில் புல் மற்ற இடத்தைவிடச் செழிப்பாக முளைக்கும் என்பது முதல் முறை. நாங்கள் பூதக்கண்ணாடியுடன் முப்பது ஏக்கர் புல்லைப் பார்வையிட்டோம். எல்லாம் காய்ந்து கிடந்தது. கயிற்றுக்கு உள்ளே, சாமி கல்லைச் சுற்றி ஓர் ஆள் நீளத்துக்கு மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தது. மீரா சாகிபு அதைக் காட்டினார். அது அபிஷேகத் தண்ணீரின் விளைவு என்று ஆபீசர் விளக்கினார்.

மூடிய குழியின் மேல் மண் நாளடைவில் உள்வாங்கும் என்பது இரண்டாவது. மட்டப் பலகை வைத்து அளந்தோம். பொட்டல் முழுக்கச் சமதளம். சாமி கல் மட்டும் ஒரு சாண் இறங்கிச் சாய்ந்திருந்தது.

"சார், எங்க கபர்ஸ்தான்ல பழைய குழி மேல மண்ணு இப்படித்தாங்க உக்காரும்" என்றார் மீரா சாகிபு.

"உங்களுக்கு ஸ்டியரிங் எங்க இருக்குன்னு தெரியும்ல? அங்க போய் உக்காருங்க" என்றார் ஆபீசர். கல் நட்டவனுக்குக் கொத்து வேலை தெரியாது என்று டைரியில் எழுதினார். டிரைவரின் கருத்தைக் குறிக்கப் படிவத்தில் இடமும் இல்லை.

மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்து நிறம் மாறியிருக்கும் என்பது மூன்றாவது. அதற்காக நானூறு பொட்டலம் மண் மடித்துச் சென்னைக்கு அனுப்பினோம். எல்லாம் மண்தான் என்று சென்னை உறுதி செய்தது. இரும்புக் கம்பியைக் குத்தி, இளகிய மண்ணா என்று பார்த்து, நுனியை முகர்ந்து அறிவது நான்காவது. முகரும் பொறுப்பு எனக்கு வந்தது. இரண்டு மாதம் எனக்குச் சாம்பாரும் ரசமும் ஒரே வாசனையாக இருந்தன.

கடைசி முறைதான் வரிசையாகக் குழி வெட்டுவது. காத்தாயியின் வரகுக் காட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு குழிகள் வெட்டினோம். அந்த வருஷம் அவளுக்கு வரகு இல்லை. மழை பெய்ததும் தவளை உற்பத்தி மட்டும் அமோகமாக இருந்தது. அவள் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. சில நாள் தானே கூடையெடுத்து எங்களோடு மண் சுமந்தாள். பொதுமக்களின் ஒத்துழைப்பு என்று நான் அதை மாதாந்திர அறிக்கையில் சேர்த்தேன்.

நூற்று நாற்பதாவது குழியில் எலும்பு அகப்பட்டது. ஆபீசர் தொப்பியைக் கழற்றினார். பெட்டியில் பஞ்சு வைத்துப் பூமாலை சுற்றிச் சென்னைக்கு அனுப்பினோம். ஆடு, பெண், வயது மூன்று என்று பதில் வந்தது. 'காணாமல்போன விமானி அல்ல என்று நம்ப இடமிருக்கிறது' என்று ஆபீசர் கோப்பில் குறித்தார்.

விஞ்ஞானம் களைத்துப்போகும்போது பக்தி கைகொடுக்கும். வெள்ளிக்கிழமைதோறும் அலுவலகமே சாமி முன்னால் நின்றது. இலுப்பூரிலிருந்து மீரா சாகிபு பிஸ்கோத்துப் பொட்டலம் வாங்கி வருவார். ஆபீசர் சட்டையைக் கழற்றிவிட்டு, அந்தப் பையன் இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடு சாமி என்று மனமுருகி வேண்டுவார்.

நாற்பத்தேழாவது வெள்ளியன்று, முகாமைக் கலைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. தாயாருக்கு 'கண்டுபிடிக்க இயலவில்லை' என்ற கடிதத்தை நான் அடித்து முடித்திருந்தேன். அன்று சாமிக்கு வருஷ நாளாம். காத்தாயி கல்லைக் கழுவி, மஞ்சள் மூடிக் கிடந்த சாமியின் நகையைக் கழற்றிப் புளி போட்டு விளக்கினாள். வெள்ளிக் கைச்சங்கிலி. நடுவில் ஒரு தகடு, தகட்டில் இங்கிலீஷ் எழுத்து. பதினோரு மாதமாக நான் மூன்று பிரதியில் அடித்துவந்த பெயர் அதில் பளபளவென்று இருந்தது.

ஆபீசர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். இருக்குமிடத்தைத் தெரிவிக்கும்படி அந்தப் பையனிடமே நாற்பத்தேழு முறை விண்ணப்பித்த ஒரே அதிகாரி உலகத்தில் அவர்தான்.

"ஏம்மா, இதை மொதல்லயே சொல்லக்கூடாதா?" என்றார்.

"நீங்க சமாதியக் கேட்டீங்க. கல்யாணங்காச்சி இல்லாம, வயசு வராம செத்த புள்ளைக்குக் கல்லு நட்டுக் கும்பிட்டுட்டா, அப்புறம் அது சமாதி இல்லீங்களே, சாமியாச்சே. ஊர்ல பொதைக்கக் கூடாதுன்னாக. எம் புருசனும் நானுந்தான் எங்க காட்டுல பொதைச்சோம். நெருப்புக்குத் தள்ளித் தெறிச்சு விழுந்து கெடந்தான், பையில ரெண்டு பிஸ்கோத்து இருந்துச்சு. தின்னாமலே போயிட்டான். இங்கன நான் இவனைப் பாத்துக்கிட்டா, அங்கிட்டு எவளாச்சும் எம் மகனைப் பாத்துக்குவான்னு இருந்தேன்."

"நாங்க இத்தனை குழி வெட்டுறப்ப, என்னத்தைத் தேடுறோம்னு நெனச்சீங்க?"

"எம் மகனைத்தான். இங்கேர்ந்து ஆரம்பிச்சு, அப்படியே அங்கிட்டுப் போவீங்கன்னு நெனச்சேன்."

மீரா சாகிபு ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். விஞ்ஞானத்துக்கு ஓய்வு கிடையாது என்பதால் நான் தட்டெழுத்துப் பொறிக்குத் திரும்பினேன். புல்லின் செழிப்பு, நிலத்தாழ்வு ஆகிய முறைகளைத் துல்லியமாகக் கையாண்டதால் சமாதி கண்டறியப்பட்டது என்று அறிக்கை போயிற்று. அதில் பொய் ஒன்றும் இல்லை. புல் செழிப்பாகத்தான் இருந்தது, நிலமும் தாழ்ந்துதான் இருந்தது. காத்தாயியைச் சேர்க்க ஆறாவது முறை என்று ஒன்று டில்லியில் கிடையாது.

மூன்றே மாதத்தில் சலவைக்கல் வந்தது, இரும்பு வேலி வந்தது, அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர் என்ற பலகையும் வந்தது. சீமைத் தாயார், தன் மகனைப் பதின்மூன்று வருஷம் பத்திரமாகப் பார்த்துக்கொண்ட மண்ணுக்கும், அவனைக் கண்டெடுத்த விஞ்ஞானிக்கும் நன்றி எழுதினாள். ஆபீசர் அந்தக் கடிதத்துடன் டில்லிக்கு மாற்றலாகி, 'குளத்தூர் முறை' பற்றிப் பாடம் நடத்துகிறார். காத்தாயி வேலிக் கம்பிக்கு நடுவே கையை விட்டுப் பிஸ்கோத்து வைக்கிறாள். கல்வரைக்கும் கை எட்டுவதில்லை.

அவள் மனுவை நாங்கள் மறந்துவிட்டதாக யாரும் குறை சொல்ல முடியாது. வரிசை எண் ஒன்றுக்கு முறைப்படி பதில் தயாரித்தேன். நானே எடுத்துக்கொண்டு போய், அவளுக்கு நானே வாசித்தும் காட்டினேன். 'தாங்கள் தேடக் கோரும் சமாதி எந்த இடத்தில் உள்ளது என்பதைத் தாங்களே தக்க ஆதாரத்துடன் தெரிவித்தால், அதைத் தேட ஆவன செய்யப்படும்.'

இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"பர்மாவுல எம் மகனைப் பாத்துக்குற பொம்பளைக்கு ஒரு காயிதம் எழுதுவீங்களாய்யா? அவ பேரு எனக்குத் தெரியாது. எம் மகனுக்குப் பிஸ்கோத்துப் புடிக்காது, அவிச்ச மொச்சைன்னா உசிரு. அதை வைக்கச் சொல்லி எழுதுங்க."

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு வந்தேன். விலாசம் இல்லாத கடிதத்தை அனுப்ப விதியில்லை. கோப்பில் 'மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதி சீல் வைத்தேன். சீல் மிகவும் தெளிவாக விழுந்தது.