துருவாசுர வதமும் ஐந்தாவது சட்டைக்கையும்

வாழ்க, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்! தூரத்தில் நிற்பது தெரியாதார்க்குத் தூரத்தையும் பக்கத்தில் கிடப்பது தெரியாதார்க்குப் பக்கத்தையும் காட்டிக் கடைத்தெரு முழுமைக்கும் ஒளிவிழி வழங்கிய வள்ளல் வாழ்க! ஐம்பத்திரண்டு ஆண்டு கடந்தும் தோள்வலி குன்றாத தீரர் (இடத்தோள் வலி, தைலம் தேய்த்தும் போகவில்லை), எண்ணெய்க்கறையே ஏற்றமிகு கவசமாகப் பூண்ட பனியன் மார்பர், பதின்மூன்றாம் எண் ஸ்பேனர் தாங்கிய செங்கையர் வாழ்க, வாழ்க! இறுகிய போல்ட்டுக்கும் இரங்கி உள்ளிறங்கும் உயவெண்ணெயே, இப்பெரும்போரைப் பாடப் புகுந்த என் நாவிலும் இரண்டு சொட்டு விட்டருள்வாயாக. விடாவிட்டாலும் பரவாயில்லை, சொல்லத்தான் போகிறேன்.

அவ்வீரர்க்கு ஒரு மகாராணி உண்டு. மனைவியைச் சொல்லவில்லை. மனைவியார் தையற்காரி, அவர் பெருமை பின்னால் வரும். மகாராணி என்பது வீட்டை ஒட்டிய தகர ஷெட்டில் ஆறு ஆண்டாகப் பள்ளிகொண்டிருந்த பழம்பெருங் கார். உருண்டு திரண்ட முன்முகமும் வியந்து விழித்த வட்ட விளக்குகளும் கொண்டவள். வாங்கிய நாளன்று மட்டும் தானே ஓடி வந்து, மறுநாள் முதல் ஓட மறுத்த மானமுள்ள மாது. ஆறாண்டுத் தவத்தில் நம் வீரர் அவளுக்குப் பிரேக் மாற்றினார், வயர் மாற்றினார், கார்புரேட்டரைப் பதினோரு முறை கழற்றிப் பன்னிரண்டு முறை மாட்டினார். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். எஞ்சியது ஒன்றே. எஞ்சினின் நான்கு வாய்கள் உமிழும் புகையை நான்கு குழாய்களில் ஏந்தி, கீழே ஒரே வாயாய்த் திரட்டி, சைலன்சரிடம் ஒப்படைக்கும் குழாய்க்கூட்டம் ஒன்று உண்டே, மெக்கானிக்குகள் ஹெடர் என்பார்களே, அதன்மேல்தான் அவன் குடியேறியிருந்தான். எவன்? துருவாசுரன்! செம்பட்டை மேனியன், செதில்செதிலாய் உதிர்பவன், இரும்பைத் தின்று இரும்பிலேயே உறங்குபவன், ஈரக்காற்றின் தத்துப்பிள்ளை! அந்தத் துருக்குழாயோடு மகாராணியை முடுக்குவதில்லை என்பது நம் வீரரின் சபதம். அதனாலேயே அவள் ஆறு ஆண்டாக முடுக்கப்படவில்லை.

இனி மனைவியார் பெருமை. வெட்டுக்கத்திரி வீராங்கனை, ஊசிமுனை உத்தமி, அளவு நாடாவை ஆரமாய் அணிந்த அம்மையார், அடுப்படிக்கும் குளியலறைக்கும் நடுவே ஒரு முழ அகல நடையில் தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு இரண்டாண்டு தைத்தார். குளிக்கப் போகிறவர் துணியைத் தாண்டுவார். குளித்து வருகிறவர் துணியை நனைப்பார். பொறுத்தார், பொறுத்தார், பூமியே வெட்கப்படும்படி பொறுத்தார். பள்ளிச் சீருடைச் சட்டை ஒன்று குழம்புச் சட்டியில் விழுந்த புதன்கிழமை காலையில், அவர் நடையின் நடுவே நின்று, கத்திரியைச் செங்கோலாக உயர்த்திப் பிரகடனம் செய்தார்.

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்கு ஷெட்டு எனக்குக் காலியா வேணும். உங்க வண்டி தானா ஓடி வெளிய போனாலும் சரி, எங்க அண்ணன் லாரியில ஏறிப் போனாலும் சரி.”

அண்ணன் என்றது பழைய இரும்புக்கடைக்காரரை. தகர மலைகளின் தலைவர், உடைந்த கட்டில்களின் காலன், ஓடாத வண்டிகளின் எமன்! மகாராணியின்மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். வீட்டுக்கு வரும்போதெல்லாம் காபி வாங்கிக்கொண்டு ஷெட்டுப் பக்கம் போய், அவள் கதவைத் தட்டிப் பார்த்து, நல்ல கனமான தகரம் என்று பாராட்டுவார். பாராட்டா அது? அன்றிரவெல்லாம் நம் வீரர் எழுந்து எழுந்து போய் ஷெட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். லாரிமேல் மகாராணி தலைகீழாய்ப் போவது போலக் கனவு கண்டு இரண்டு முறை வாய்விட்டு அழுதிருக்கிறார். மச்சானிடம் தோற்பதைவிட ஷெட்டுக்குள்ளேயே படுத்து உயிரை விடலாம் என்று அவருக்குத் தோன்றியது.

வியாழனன்று போர் மூண்டது. கண்ணாடிக் கடைக் கதவில் ‘உடல்நலமில்லை’ என்று எழுதித் தொங்கவிட்டு, வீரர் களம் புகுந்தார். துருவாசுரன் கோட்டையை எட்டு நட்டுகள் காத்து நின்றன. முதல் நட்டு முதல் திருகலிலேயே சரணடைந்தது. இரண்டும் மூன்றும் முனகிக்கொண்டு வழிவிட்டன. நான்கு, ஐந்து, ஆறு, ஏழு ஆகியவை எண்ணெய் குடித்து மயங்கி வீழ்ந்தன. ஆனால் எட்டாவது நட்டோ, ஆகா, எட்டாவது நட்டு! இடுக்கில் ஒடுங்கி, முனை மழுங்கி, ஸ்பேனர் வைத்தால் வழுக்கி, சுத்தியல் ஓங்கினால் ஒளிந்து, காலை ஒன்பது மணி முதல் மாலை நான்கு மணி வரை அசையாமல் நின்ற அந்த மாவீரனை எதிர்த்து நம் தலைவர் நின்று போரிட்டார், இருந்து போரிட்டார், கிடந்து போரிட்டார், ஒருமுறை எஞ்சினுக்குள் தலையைவிட்டு மாட்டிக்கொண்டும் போரிட்டார். எண்ணெய் ஊற்றிக் கெஞ்சினார், கெட்ட வார்த்தை சொல்லி மிரட்டினார், சூடு காட்டினார், மறுபடி கெஞ்சினார். நான்கேகாலுக்கு, இவர் அசதியில் ஸ்பேனரின்மேல் சாய்ந்தபோது, நட்டு தானாகச் சுழன்றது. நான்கு விரல் முட்டிகளின் தோலும் கூடவே போனது.

வெள்ளியன்று நேருக்கு நேர். ஒரு கையில் கம்பி பிரஷ், மறுகையில் உப்புத்தாள், வாயில் துணிக்கட்டு. தேய்த்தார் ஐயா, தேய்த்தார்! செந்தூள் எழுந்து ஷெட்டை மறைத்தது. பகலவன் இருக்கிறானா போய்விட்டானா என்று தெருநாய் ஐயுற்றது. வீரர் தும்மிய தும்மலில் தகரக்கூரை அதிர்ந்தது. நண்பகலில் அவரைக் கண்ட மனைவியார், புருவம் வரை செம்மையேறிய இந்த ஆள் யார் என்று ஒரு கணம் கதவை மூடப் போனாராம். செதில் உதிர்ந்து, தோல் உரிந்து, துருவாசுரன் பள்ளங்களில் மட்டும் பதுங்கினான். பதுங்கியவனைப் பொசுக்கத் துரு நீக்கும் திரவம் பூச வேண்டும். பூசும் திரவமோ பின்னால் அடிக்கும் பெயின்டோ குழாய்க்குள் புகுந்துவிடக் கூடாது. மேலே நான்கு வாய், கீழே ஒரு வாய், ஆக ஐந்து வாயையும் அடைக்க ஐந்து துணி தேவை.

இங்கேதான் விதி சிரித்தது. துணி தேடி நடைக்குப் போன வீரர், ஒரு கூடையில் கந்தலும் மறு கூடையில் கெட்டியான வெள்ளைத் துணித் துண்டுகளும் இருக்கக் கண்டார். கந்தல் நூல் விடும். வெள்ளையோ வெட்டி வைத்தாற்போல ஒரே அளவு. வெட்டித்தான் வைத்திருந்தார்கள், திங்களன்று கொடுக்க வேண்டிய ஐந்து சீருடைச் சட்டைகளின் கைகளாக! ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கும் மனிதருக்கு அது தெரியவில்லை. ஐந்தை உருவினார், உருட்டினார், வாய்க்கு ஒன்றாகத் திணித்தார். கீழ்வாய் அகலமானது என்பதால் ஐந்தாவதை விரல் போன மட்டும் உள்ளே தள்ளினார். திரவத்தில் துருவாசுரன் நுரைத்து, கறுத்து, கழுவிய நீரோடு சாக்கடைக்குப் போனான். சனிக்கிழமை மூன்று முறை வெள்ளி பெயின்ட் அடித்தார், காயவிட்டார், அவ்வளவுதான்.

ஞாயிறு! ஞாலம் மறவா ஞாயிறு! பதினொரு மணிக்கே இரும்புக்கடைப் பெருமான் லாரியோடு வந்து தெருவில் பாதியை அடைத்து நின்றார். கயிறு கொண்டுவந்திருந்தார், தின்பதற்கு வேர்க்கடலையும் கொண்டுவந்திருந்தார். நம் வீரரோ வெள்ளிமலைபோல் மின்னிய ஹெடரை மார்போடணைத்து ஏந்தி வந்து, மேல்வாய் நான்கின் துணிகளையும் பிடுங்கி வீசி, புகை கசியாதிருக்கப் புதிய கேஸ்கெட் வைத்து எட்டு நட்டையும் பூட்டினார். பிறகு வண்டிக்கடியில் மல்லாந்து புகுந்தார். வியர்வை வழிந்து மூக்குக்கண்ணாடி நழுவவே அதைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, கைத்தடவலிலேயே கீழ்வாயைச் சைலன்சரோடு இணைத்து முறுக்கினார். அந்த வாய்க்குள் என்ன இருந்தது என்பதை நீங்களும் நானும் அறிவோம். அவர் அறியார்.

பதினொன்று நாற்பத்தைந்துக்குச் சாவி திரும்பிற்று. மகாராணி சிலிர்த்தாள், செருமினாள், ஆறாண்டு மௌனம் கலைத்து நான்கு முறை முழங்கினாள், பிறகு தொண்டை அடைத்தவளாய் விக்கி அடங்கினாள். மீண்டும் சாவி, மீண்டும் முழக்கம், மீண்டும் விக்கல். ஆறாம் முறையில் விக்கல்கூட வரவில்லை. மச்சான் கடலைத் தோலை ஊதிவிட்டு எழுந்து, கயிற்றைப் பிரித்துக்கொண்டே, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை, எல்லா வண்டிக்கும் ஒரு நாள் வரும் என்று ஆறுதல் சொன்னார். வீரர் ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டார். அவர் கண் கலங்கியது, சத்தியமாகக் கலங்கியது. மச்சான் பார்த்துவிடக் கூடாதே என்று குனிந்து தரையில் எதையோ தேடுவதுபோல் நடித்தார்.

அக்கணத்தில் எழுந்தருளினார் ஊசிமுனை உத்தமி! பத்துக் கை வெட்டினேன், ஐந்துதான் இருக்கிறது, மிச்சம் ஐந்து எங்கே என்று வீடெல்லாம் தேடி, கட்டிலைக் கவிழ்த்து, அரிசிப் பானையிலும் பார்த்துவிட்டு வந்தவர், ஷெட்டுத் தரையில் வெள்ளி பெயின்ட் அப்பிய நான்கு துண்டுகளைக் கண்டார். பிறர் என்றால் கத்துவார்கள். தையற்காரி எண்ணுவாள். பொறுக்கினார், விரித்தார், எண்ணினார், இன்னொரு முறை எண்ணினார்.

“நாலு இருக்கு. அஞ்சாவது எங்கங்க?”

வீரர், மேல்வாய் நான்கு, கீழ்வாய் ஒன்று என்று விரல்களை மடக்கினார். சுண்டுவிரலுக்கு வந்ததும் அவர் முகத்தில் தோன்றிய ஒளியையும் இருளையும் வருணிக்க எனக்குத் திராணியில்லை. மறுகணம் அவர் வண்டிக்கடியில் இருந்தார். மணி பன்னிரண்டுக்கு நான்கு நிமிடம். மச்சான் கயிற்றின் ஒரு முனையை மகாராணியின் முன்பம்பரில் சுற்றத் தொடங்கியிருந்தார். அப்போது அம்மையார் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்துச் சொன்ன சொல்லைப் பொன்னெழுத்தில் பொறிக்கலாம்.

“கொஞ்சம் இருண்ணா. என் துணி உள்ள இருக்கு.”

கணவனுக்காகச் சொன்னாரா, திங்கட்கிழமைச் சட்டைக்காகச் சொன்னாரா என்று ஆராயப் புகுந்தால் விடிந்துவிடும், நான் புகவில்லை. சைலன்சர் இணைப்பு தளர்ந்தது, விரல் நுழைந்தது, குறடு தொடர்ந்தது, புகையுண்டு, கரியுண்டு, வெந்து சுருண்ட ஐந்தாவது சட்டைக்கை, பாம்புப் புற்றிலிருந்து பாம்பு வருவதுபோல நீண்டு நீண்டு வெளிவந்தது. அதை அப்படியே மனைவியின் காலடியில் வைத்துவிட்டு, இணைப்பை முறுக்கி, ஏறி அமர்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வீரர் சாவியைத் திருகினார்.

எழுந்தாள் மகாராணி! மேகம் இடித்ததோ, மலை புரண்டதோ, மதயானை ஆயிரம் ஒருங்கே பிளிறியதோ என்று அண்டை வீட்டார் அரிசி களைவதை விட்டு ஓடி வர, புதுப் பெயின்ட் சூடேறிக் கமழ்ந்த வெண்புகை விதானமாய் மேலே விரிய, வெற்றிக்குழாய் நான்கும் வெள்ளிச் சுடர்விட, பன்னிரண்டுக்கு அரை நிமிடம் இருக்கையில் அவள் தன் சக்கரங்களாலேயே ஷெட்டு வாசலைத் தாண்டினாள். மச்சான் கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டு, கனமான தகரம்தான் என்று மறுபடியும் சொல்லி, கடலைப் பொட்டலத்தைத் தங்கையிடம் நீட்டினார். நம் வீரரோ வலக்கை உயர்த்தி, மார்பு நிமிர்த்தி, தெருவின் இருமருங்கும் விழிமலர் சொரிய, துருவாசுரனை வென்ற தூயவனாய், மச்சானை வென்ற மாவீரனாய், தெருவை ஒருமுறை வலம் வந்தார், இருமுறை வலம் வந்தார், மகிழ்ச்சி தாங்காமல் அழுதுகொண்டே மூன்றாம் முறையும் வலம் வந்து, அரியணை திரும்பும் அரசியைப்போல் அவளை ஷெட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். ஷெட்டுக்குள்ளே தையல் இயந்திரம் இருந்தது. வெட்டும் மேசை இருந்தது. சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஆணியடித்து மாட்டப்பட்டிருந்தது. சுத்தியலோடு நின்றவர் மச்சான். புதிதாய்ச் சட்டைக்கை வெட்டிக்கொண்டிருந்த மனைவியார் நிமிர்ந்து, கதவோரம் வெளிச்சத்தை மறைக்காமல் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொன்னார். விண்ணகத்தார் பூமாரி பொழிந்தார்களோ என்று வீரர் அண்ணாந்து பார்க்க, முதல் மழைத்துளி மகாராணியின் முன்மூடியில் விழுந்தது, இரண்டாம் துளி அவர் கண்ணாடியில் விழுந்தது.

அவர் பக்கத்து வீட்டில் பழைய தார்ப்பாய் ஏதாவது இருக்குமா என்று கேட்கப் போனார்.